நேற்று ஏன் வரவில்லை? இணையவழிக் கல்வியும் வறுமையும்

இணையவழிக் கல்வி ஏழை நாடுகளைக் கைதூக்கிவிடும் என்று பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒருவர், மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டரைச் சேர்ந்த பாட்டுஷிக் மியான்கன்பாயர். 2012-ல், 15 வயதில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. இணையத்தில் இலவசமாக நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் அவர் முழு மதிப்பெண் எடுத்தார். அந்தப் பாடத்துக்குப் பதிவு செய்தவர்கள் ஏறக்குறைய 1,55,000 பேர். தேறியவர்கள் 7,157 பேர். முழு மதிப்பெண் பெற்றவர்கள் 340 பேர். பிறகு அவருக்கு எம்.ஐ.டி.யிலேயே இடமும் கிடைத்தது. மேடைகளில் கதை இத்துடன் முடிந்துவிடும். அவர் படித்த பள்ளியின் முதல்வர் எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர் என்பதையும், அவர் அழைத்ததால் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் ஆய்வகக் கருவிகளைப் பெட்டிகளில் அடைத்து எடுத்துவந்து, வாரக்கணக்கில் தங்கி, அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு நடத்தினார் என்பதையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பையனின் திறமை இதனால் குறைந்துவிடாது. ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள்.

அது இணையக் கல்வியின் தேனிலவுக் காலம். 2011 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் மூன்றும் களத்தில் இறங்கின. உலகின் எந்த மூலையில் இருக்கும் ஏழையும் இனி ஹார்வர்டு வகுப்பில் உட்காரலாம் என்றார்கள். யார் உட்கார்ந்தார்கள் என்ற கணக்கு சீக்கிரமே வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கோர்செராவில் நடத்திய பாடங்களின் மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு 2013-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட 80 விழுக்காட்டினர், அந்நாடுகளின் மிக வசதியான, மிக அதிகம் படித்த 6 விழுக்காட்டுப் பகுதியைச் சேர்ந்தவர்கள். பந்தி பசித்தவனுக்கென்று போடப்பட்டது. உண்டு முடித்தவர்களே மறுபடி வந்து உட்கார்ந்தார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2019-ல், ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பாடங்களின் முழுத் தரவையும் ஆராய்ந்த கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 2017–18-ல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் இது 46 விழுக்காடு. புதிதாகச் சேர்ந்தவர்களின் வளர்ச்சியும் பெரும்பாலும் வசதியான நாடுகளிலிருந்தே வந்தது. இடைநிற்றலுக்கு மனோதத்துவ வைத்தியமும் பார்த்தார்கள். பாடம் தொடங்கும்முன் ‘எனக்கு முக்கியமானவை எவை’ என்று மாணவரைச் சில வரிகள் எழுதவைத்தால், ஏழை நாட்டு மாணவர்கள் பின்தங்குவது குறைகிறது என்று 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதையே சுமார் 250 பாடங்களில், இரண்டரை லட்சம் மாணவர்களிடம் சோதித்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. மூன்றாம் வாரம் வகுப்பைத் தவறவிட்ட மாணவரிடம் அந்தப் பாடங்களில் யாரும் எதுவும் கேட்பதில்லை. தானாக வரும் ஒரு மின்னஞ்சலைத் தவிர அவரைத் தேடி எதுவும் போவதில்லை.

இங்கே, இணையவழிக் கல்வி வறுமையைக் குறைக்குமா என்ற கேள்வியையே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ஓராண்டு கூடுதல் பள்ளிப்படிப்பு ஒருவரின் வருமானத்தைச் சராசரியாக 9–10 விழுக்காடு உயர்த்துகிறது என்பது பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தொகுத்துவரும் கணக்கு. இணையவழிக் கல்வியை ஆதரிப்போர் இந்தக் கணக்கைத்தான் கடன் வாங்குகிறார்கள். ஆனால் அது பள்ளியில் கழிந்த ஆண்டுக்கான கணக்கு, பார்த்த காணொளிகளுக்கானது அல்ல. தவிர, ஏழைக் குழந்தையின் சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்பது கொரோனாவுக்கு முந்தைய உலக வங்கி மதிப்பீடு. 2022-ல் அது 70 விழுக்காடு ஆகியிருக்கும் என்றார்கள். எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைக்கு உலகின் தலைசிறந்த பேராசிரியரின் ஆங்கில விரிவுரை எதற்கு?

2020-ல் பள்ளிகள் பூட்டப்பட்டபோது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உலகமே இந்தச் சோதனையில் இறங்கியது. தொலைநிலைக் கல்வி எந்த வடிவிலும் எட்டாத குழந்தைகள் குறைந்தது 46.3 கோடி என்றது யுனிசெஃப். இந்தியாவின் நிலவரம் தேசிய மாதிரி ஆய்வின் 2017–18 கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. கிராம வீடுகளில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. நகரத்தில் முறையே 23.4, 42. அதற்குள் மலிவு டேட்டா வந்துவிட்டது உண்மைதான். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் காலை எட்டு மணிக்கு அப்பாவின் சட்டைப்பையோடு வேலைக்குக் கிளம்பிவிடும். மாலை வந்ததும் அண்ணன் கைக்கு, அதன் பிறகு தங்கையின் கைக்கு. பல வீடுகளில் தங்கையின் முறை வரும்போது சார்ஜும் இருக்காது, அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும்.

உகாண்டாவின் கதையில் அரசின் கையும் தெரியும். அங்கே 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறக்க 2022 ஜனவரி ஆனது. உலகிலேயே மிக நீண்ட பள்ளி மூடல்களில் அது ஒன்று. பிள்ளைகள் வீட்டில் இருந்த அதே காலத்தில், 2021 ஜூலையில், அரசு இணைய டேட்டாமீது 12 விழுக்காடு வரி போட்டது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் விலக்கு உண்டு என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள். ரீசார்ஜ் கடையில் வாங்கும் டேட்டா பாடத்துக்கா படத்துக்கா என்று யார் பிரித்துப் பார்ப்பது?

கருவியைக் கொடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கு வயது அதிகம். பெரு நாட்டில் ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தை 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாணவருக்குக் கணினி 0.12 என்ற விகிதம் 1.18 ஆக உயர்ந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் அசையவில்லை. 1999-ல் டெல்லி கால்காஜியில், பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொள்ளட்டும் என்று சுகதா மித்ரா சுவரில் பதித்த கணினி உலகப் புகழ் பெற்றது, 2013-ல் பத்து லட்சம் டாலர் டெட் பரிசையும் வாங்கியது. உத்தராகண்டில் அதே முறையில் வைத்த இடங்களைப் பிற்பாடு போய்ப் பார்த்த ஆய்வாளர் பாயல் அரோரா, அவை கைவிடப்பட்டுக் கிடந்ததை எழுதினார்.

டெல்லியிலேயே இன்னொரு சோதனை நடந்தது. ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கற்பித்தல் மென்பொருளை, பள்ளி முடிந்த பின் பிள்ளைகள் வந்து படிக்கும் மையங்களில் வைத்து 619 மாணவர்களிடம் ஆராய்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இலவச அனுமதி. ஆறாம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். மென்பொருள் அவருடைய உண்மையான மட்டத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க அளவுக்கு முன்னேற்றம். இத்துறையில் 0.2-ஐத் தொட்டாலே பெரிது என்பார்கள். மென்பொருளின் வெற்றி என்றுதான் இது பேசப்படுகிறது. அந்த 90 நிமிட வகுப்பில் 45 நிமிடம்தான் கணினி. மீதி 45 நிமிடம் சிறு குழுவாக உட்காரவைத்து ஓர் உதவி ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். திரையின் பங்கு எவ்வளவு, டீச்சரின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் எனக்குப் படவில்லை.

போட்ஸ்வானாவில் இன்னும் எளிய வழி. பள்ளி மூடியிருந்தபோது 4,500 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கணக்கு குறுஞ்செய்தியில் போனது. இன்னொரு பிரிவுக்குக் குறுஞ்செய்தியோடு ஆசிரியரின் தொலைபேசி அழைப்பும் சேர்ந்தது. பெற்றோர் ஒலிபெருக்கியைப் போட, பிள்ளை பக்கத்தில் உட்கார, ஆசிரியர் இருபது நிமிடம்போலப் பேசுவார். ஸ்மார்ட்போனும் வேண்டாம், இணையமும் வேண்டாம். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. அழைப்பும் சேர்ந்த வீடுகளில் 0.12 திட்ட விலக்கம் முன்னேற்றம். இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா என ஐந்து நாடுகளில் 16,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மறுபடி செய்தபோது பலன் இன்னும் கூடுதலாகவே இருந்தது. அழைப்பில் கேட்கப்படுவது பெரிய விஷயமொன்றும் இல்லை. போன வாரக் கணக்கைப் போட்டாயா, எங்கே நின்றாய் என்பதுதான்.

நம் ஊர்க் கணக்கும் இதே திசையைத்தான் காட்டுகிறது. கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி ஓடியது, வாட்ஸ்அப்பில் பாடங்கள் வந்தன. 2021 டிசம்பரில் கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்தபோது, கொரோனாவுக்கு முன் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் சுமார் 0.7, தமிழில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள். ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த அந்த ஆய்வில், பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தின் பங்கு. ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் தொடக்க வகுப்புகளுக்கும் பட்டம் பெற்றவர்கள் நடுநிலை வகுப்புகளுக்கும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். ஒரு பிள்ளை வராவிட்டால், ‘அக்கா’ நாலு வீடு தள்ளிப் போய்க் கூப்பிட்டுவிடுவார். பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக மீண்டார்கள் என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

இவையெல்லாம் மதிப்பெண் கணக்கு. திரைவழிப் படிப்பு வருமானத்தைக் கூட்டியதா என்று நேரடியாக விடை சொல்லும் ஆய்வுகள் அரிது. கிடைப்பவற்றில் வலுவானது மெக்சிகோவிலிருந்து வருகிறது. அங்கு 1968-ல் ‘டெலிசெகுண்டாரியா’ என்ற தொலைக்காட்சிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். மலைக்கிராமங்களில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். ஏழு முதல் ஒன்பது வரை பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று அனுப்ப ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் ஊருக்கு ஒரு பள்ளி, வகுப்புக்கு ஒரே ஆசிரியர், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. கால்மணி நேரம் தலைநகரிலிருந்து பாடம் ஒளிபரப்பாகும். பெட்டியை அணைத்த பிறகு மீதி நேரம் அந்த ஆசிரியர் பாடநூலோடு பிள்ளைகளை உட்காரவைத்து நடத்துவார். கணக்கும் அவரே, வரலாறும் அவரே, உயிரியலும் அவரே. இன்று பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள், அதாவது அந்த நிலை மாணவரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், இப்படித்தான் படிக்கிறார்கள்.

அந்தப் பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்கள் நகரப் பள்ளிகளைவிடக் குறைவு என்ற குறை நெடுநாளாக உண்டு. ஆனால் அவற்றில் படித்தவர்களுக்கு நகரப் பள்ளி என்ற மாற்று வழி இருக்கவில்லை. அவர்கள் முன் இருந்தது வயல்வேலைதான். லாய்யா நவாரோ-சோலா என்ற பொருளியலாளர் இந்தப் பள்ளிகள் எந்த ஊரில் எப்போது வந்தன என்பதை வைத்துக் கணக்கிட்டார். 50 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடினால் கூடுதலாகப் பத்துப் பேர் நடுநிலைப் படிப்பில் சேர்கிறார்கள். தொடக்கப் பள்ளிக்குப் பிந்தைய ஓராண்டுப் படிப்பு அவர்களின் சராசரி வருமானத்தை 17.6 விழுக்காடு உயர்த்துகிறது. வேலைக்குப் போகிறவர்கள் கூடுகிறார்கள், விவசாயக் கூலியிலிருந்தும் முறைசாராத் தொழிலிலிருந்தும் வெளியேறுகிறார்கள். திரைவழிக் கல்வி வறுமையைக் குறைத்ததற்கு இதைவிட நேரடியான சான்றை நான் பார்த்ததில்லை. அதுவும் இணையம் பிறக்கும் முன்பே வகுத்த ஏற்பாடு. பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலம் 2007 முதல் மனவுஸ் நகரத்திலிருந்து செயற்கைக்கோள் வழியே காட்டு ஊர்களுக்குப் பாடம் அனுப்புவதும் இதே அமைப்பில்தான். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓர் ஆசிரியர் இருப்பார்.

படிப்பு முடிந்தபின் வேலை இருக்க வேண்டும். 2014-ல் நைஜீரியாவின் லாகோஸில் தொடங்கிய அண்டேலா நிறுவனம், ஆப்பிரிக்க இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தந்து, அமெரிக்க நிறுவனங்களுக்குத் தொலைவிலிருந்தே வேலை செய்யும் மென்பொருளாளர்களாக அமர்த்தியது. 2019 செப்டம்பரில் நைஜீரியா, உகாண்டா, கென்யாவில் சுமார் 400 இளநிலைப் பொறியாளர்களை வெளியேற்றும் முடிவை அறிவித்தது. சந்தை கேட்டது அனுபவசாலிகளை. படித்தவர்களின் தரத்தில் குறையில்லை. முதல் வேலையை யாரும் கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்? ருவாண்டாவில் 2013 முதல் இயங்கும் கெப்லர் என்ற கல்வி அமைப்பு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையப் பட்டத்தை எடுத்து, கிகாலியில் நேர்வகுப்பு, ஆங்கிலப் பயிற்சி, நிறுவனங்களில் பணிப்பழக்கம் என்று சுற்றிக் கட்டியது. கிசிபா அகதி முகாமிலும் வகுப்பு வைத்தது. அதன் பட்டதாரிகளில் பெரும்பாலோருக்கு வேலை கிடைத்தது. மாணவர் எண்ணிக்கை மட்டும் லட்சங்களில் ஏறவில்லை, இந்த முறையில் ஏறவும் முடியாது.

வேலை கிடைப்பதில் சான்றிதழின் மதிப்பும் சேரும். 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே நுழையலாம், குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. தேர்வு அங்கும் நேரில்தான். பஸ் ஏறிப்போய் மேற்பார்வையாளர் முன்னால் எழுதிய தேர்வு என்பதால்தான் அந்தத் தாளைக் கல்லூரியும் கம்பெனியும் நம்புகின்றன.

வறுமைக்கு மிக அருகில் போன இன்னொரு முயற்சியைத் தேனி மாவட்டத்தில் பார்க்கலாம். காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைப்பான காமன்வெல்த் ஆஃப் லேர்னிங், 2004-ல் விவசாயிகளுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாட்டில் தொடங்கியது. தேனியில் ‘விடியல்’ என்ற தொண்டு நிறுவனத்தின் சுயஉதவிக் குழுப் பெண்கள் ஆடு வளர்க்க வங்கிக் கடன் கேட்டார்கள். கடன் தொகையில் ஆடுகளோடு ஒரு கைப்பேசியும் சேர்ந்தே வாங்கப்பட்டது. கொட்டில் எப்படி இருக்க வேண்டும், எந்த மாதம் எந்தத் தடுப்பூசி, குட்டிக்கு என்ன தீவனம், காப்பீடு எப்படி என்று சிறுசிறு குரல் செய்திகள் தமிழில் அந்தக் கைப்பேசிக்கு வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் மேய்ச்சலுக்குப் போகிற வழியில் கேட்டுக்கொள்ளலாம். குழுக் கூட்டத்தில் கேட்டதைப் பேசுவார்கள், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி திருத்துவாள். வங்கிக்கும் இதில் ஆதாயம். ஆடு வளர்க்கத் தெரிந்தவர் கடனைக் கட்டிவிடுவார். கற்றது அந்த மாதமே காசாகிற இடம் என்பதால் படிப்பைப் பாதியில் விடும் பேச்சு குறைவு. இந்த மாதிரி, பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

எதிர்த்திசையிலும் ஒரு கடன் உண்டு. 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ்மீது, பணம் கட்ட வசதியில்லாத பெற்றோரிடமும் மாதத் தவணைக் கடனில் பாடத் தொகுப்புகளை வற்புறுத்தி விற்றதாகப் புகார்கள் குவிந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு அழைத்தது. 2024 ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. பிள்ளை பாடத்தைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தவணை வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். வறுமை ஒழிப்பு என்ற பேச்சில் இந்தச் செலவை எழுதும் பக்கமே கிடையாது.

இப்போது செயற்கை நுண்ணறிவின் முறை. மறுபடியும் அதே தேனிலவுப் பேச்சு. உலக வங்கி 2024 ஜூன், ஜூலையில் நைஜீரியாவின் எடோ மாநிலத் தலைநகர் பெனின் நகரில் ஒரு சோதனை நடத்தியது. ஆறு வாரம், பள்ளி முடிந்த பின், மாணவர்கள் இரண்டிரண்டு பேராகக் கணினி முன் அமர்ந்து, செயற்கை நுண்ணறிவு உரையாடியோடு ஆங்கிலம் படித்தார்கள். ஏறக்குறைய 0.3 திட்ட விலக்கம் முன்னேற்றம், பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். அறையில் ஆசிரியர் இருந்தார். என்ன கேட்க வேண்டும் என்று தொடங்கிவைத்தார், விடையைச் சரிபார்க்கச் சொன்னார். அதிக நாள் வந்தவர்கள் அதிகம் கற்றார்கள். வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கான காரணங்களையும் எழுதிவைத்திருக்கிறார்கள்: மழைக்கால வெள்ளம், ஆசிரியர் வேலைநிறுத்தம், பள்ளி விட்டதும் பிள்ளைகள் போக வேண்டியிருந்த வேலை. உரையாடியை அடுத்த ஆண்டு இன்னும் மலிவாக்கிவிடுவார்கள், சந்தேகமில்லை. அந்த மூன்றாவது காரணத்துக்கும், அறையில் நிற்கும் ஆசிரியரின் சம்பளத்துக்கும் எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கப் போகிறார்கள் என்று நிதியமைச்சர்களிடம்தான் கேட்க வேண்டும்.